குற்றவாளி யாரென்று நோட்டுதான் சொல்ல வேண்டும்

துப்பறியும் வீடியோ கேம் எதையும் தொடங்கும் முன் கோடு போட்ட நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: கண்ணால் பார்த்தது, பிறர் சொன்னது, நாமாக நினைப்பது. இறந்தவர் கையருகே துப்பாக்கி கிடந்தது என்றால் அது முதல் பத்தி. "எட்டு மணிக்கே நான் வீட்டுக்குப் போயாச்சு" என்று சாட்சி சொன்னது இரண்டாம் பத்தி. "அப்போ தற்கொலைதான்" என்பது மூன்றாம் பத்தி. அதைப் பென்சிலில் மட்டும் எழுத வேண்டும். வழக்கு நகராமல் நிற்கும்போது நோட்டைப் புரட்டினால், மூன்றாம் பத்தியில் இருக்க வேண்டிய வரி ஒன்று முதல் பத்தியில் ஏறி உட்கார்ந்திருப்பது தெரியும். நாமே அழைத்து உட்கார வைத்ததுதான்.

வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மவுஸைப் பிடிக்கட்டும், மற்றவர் எழுதட்டும். எழுதுகிறவர் கண் நோட்டில் இருப்பதால் அவர் காது கூர்மையாகும். குரல், உச்சரிப்பு, இடையில் விழுந்த ஒரு பெயர் எல்லாம் அவருக்குத்தான் முதலில் பிடிபடும்.

இந்தப் பழக்கத்துக்கு நல்ல பயிற்சிக்களம் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. லூகாஸ் போப் ஏறக்குறைய தனியாளாக உருவாக்கி 2018-இல் வெளியிட்ட கேம். 1802-இல் கிளம்பிக் காணாமல் போன கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் 1807-இல் ஆளில்லாமல் இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றுக்கு மிதந்து வருகிறது. நீங்கள் கம்பெனியின் காப்பீட்டு அதிகாரி. கப்பலில் இருந்தவர்கள் 60 பேர். ஒவ்வொருவரும் யார், என்ன ஆனார், கொலை என்றால் யார் செய்தது என்று கணக்கேட்டில் நிரப்ப வேண்டும். கையில் ஒரு கடிகாரம். பிணத்தருகே அதைத் திறந்தால் முதலில் இருட்டில் பேச்சும் சத்தமும் கேட்கும், பிறகு அந்தச் சாவின் கணம் உறைந்த காட்சியாக விரியும்.

தமிழக-கேரள எல்லையில் உள்ள செங்கோட்டை, புளியரைப் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கேமில் ஒரு கூடுதல் வசதி உண்டு. சோதனைச்சாவடி டீக்கடையில் லாரியிலிருந்து இறங்குகிறவர் "சேட்டா, ஒரு சாய" என்கிறாரா, "அண்ணாச்சி, ஒரு டீ" என்கிறாரா என்று கேட்டே ஆள் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார்கள். ஓப்ரா டின்னிலும் அதே வேலைதான். பயணிகள் பட்டியலில் பெயர், பதவி, சொந்த நாடு மூன்றும் இருக்கும். ரஷ்யர், அயர்லாந்துக்காரர், சீனர், பாரசீகர், இந்தியர் என்று பல நாட்டார் கலந்த கப்பல். பேசும் மொழியும் உச்சரிப்பும் பாதி ஆட்களைச் சலித்துக் கொடுத்துவிடும்.

ஆனால் அதே சாவடியில் இன்னொரு பாடமும் உண்டு. கேஎல் 25 என்றால் வண்டி புனலூரில் பதிவானது, டிஎன் 76 என்றால் தென்காசி. கேஎல் 25 வண்டியை ஓட்டி வருபவர் கடையநல்லூர்க்காரராகவும் இருப்பார். எண் வண்டியைச் சொல்லும், ஓட்டுகிறவரைச் சொல்லாது. கப்பலிலும் ஒருவர் அதிகாரிகள் பக்கத்தில் நிற்கிறார் என்பதற்காக அவரை அதிகாரி என்று எழுதிவிட்டால் அங்கேயே சறுக்கல்.

வேலை செய்ய வேண்டிய வரிசை இது. முதல் சுற்றில் எதையும் நிரப்ப அவசரப்படாமல் திறக்கும் காட்சிகளையெல்லாம் பார்த்துவிடுங்கள். ஏட்டில் ஒருவரின் முகம் மங்கலாக இருந்தால் அவரை அடையாளம் காணும் அளவுக்கு இன்னும் தடயம் கிடைக்கவில்லை என்று பொருள். தெளிந்த முகங்களை மட்டும் எடுங்கள். முகத்துக்குக் கீழே உள்ள முக்கோணங்கள் கடினத்தைக் காட்டும், ஒன்று இருந்தால் எளிது, மூன்று இருந்தால் கடினம். ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் அவர் வரும் காட்சிகளை மட்டும் ஏடு வரிசையாகக் காட்டும். அந்த வசதியைப் பயன்படுத்தி ஒரே ஆளைத் தொடர்ந்து பாருங்கள்: எந்த அறையில் தூங்குகிறார், யாருக்குப் பின்னால் ஓடுகிறார், கையில் என்ன கருவி. தூங்கும் தொட்டில்களில் தொங்கும் எண்களைப் பட்டியலின் வரிசை எண்ணோடு ஒப்பிடுங்கள். முகமே தெரியாத இடத்தில் போர்வைக்கு வெளியே நீட்டியிருக்கும் கால்கூடச் சாட்சி சொல்லும்.

மூன்று பேரின் முடிவு சரியானால்தான் கேம் அவற்றை மொத்தமாக உறுதி செய்யும். ஒவ்வொன்றாக ஊகித்துத் தட்டுகிறவர்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. இதிலும் ஒரு குறுக்குவழி இருக்கிறது: இரண்டு பேர் உறுதியாகத் தெரிந்தால் மூன்றாவதில் பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டு அடிக்கலாம். கடைசி ஐந்தாறு பேருக்கு அதைச் செய்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. தொடக்கத்திலேயே செய்தால் கேமை வாங்கிய காசு தண்டம்.

அடுத்தது விசாரணை. 'எல்.ஏ. நோயர்' 2011-இல் வந்தது. டீம் பான்டி உருவாக்கி ராக்ஸ்டார் வெளியிட்டது. 1947-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ், கோல் ஃபெல்ப்ஸ் என்ற போலீஸ்காரர். அதன் கொலைப் பிரிவு வழக்குகள் அந்த ஆண்டு ஜனவரியில் உண்மையில் நடந்த எலிசபெத் ஷார்ட் கொலையின் நிழலில் எழுதப்பட்டவை. அந்தக் கொலை இன்றுவரை துலங்கவில்லை.

சம்பவ இடத்தில் காதைத் திறந்து வையுங்கள். தடயத்தின் அருகே போனால் ஒரு மணியோசை வரும், கையிலிருக்கும் கன்ட்ரோலர் அதிரும். தேடுதல் இசை நின்றுவிட்டால் அந்த இடத்தில் எடுக்க வேண்டியதெல்லாம் எடுத்தாயிற்று. இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளம்புவதும், தடயம் சேரும் முன்னே சந்தேக நபரின் வீட்டுக் கதவைத் தட்டுவதும்தான் வழக்கமான தவறுகள். பிறகு அவர் பொய் சொல்வது தெரிந்தாலும் காட்ட ஆதாரம் கையில் இருக்காது.

கேள்வி கேட்ட பின் மூன்று தெரிவுகள்: உண்மை, சந்தேகம், பொய். 2017-இல் வந்த புதிய பதிப்பில் இவற்றின் பெயர்களை மாற்றி, கடைசியைக் குற்றம் சாட்டுதல் ஆக்கினார்கள். பலரும் பதில் சொல்பவரின் முகத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். கண்ணை அங்கே இங்கே உருட்டினால், எச்சில் விழுங்கினால், ஏதோ மறைக்கிறார் என்பது வரைக்கும் சரி. அது சந்தேகமா பொய்யா என்பதை முகம் சொல்லாது. அவர் சொன்ன அந்த வாக்கியத்தையே நேராக மறுக்கும் பொருள் கையில் இருந்தால் பொய், இல்லாவிட்டால் சந்தேகம். குழப்பமாக இருந்தால் பொய் என்று சாட்டிப் பாருங்கள். "எதை வச்சுச் சொல்றீங்க?" என்கிற மாதிரி அவர் எதிர்த்துப் பேசும்போதே எந்த ஆதாரம் வேண்டும் என்பது கசியும். பொருந்துவது இல்லையென்றால் ஆதாரத்தைக் காட்டும் முன் பின்வாங்கலாம், இழப்பு இல்லை. தவறான தெரிவை நீக்கவோ தடயம் இருக்கும் இடத்தைக் காட்டவோ செலவழிக்கும் உள்ளுணர்வுப் புள்ளிகள் ஒரு நேரத்தில் 5-க்கு மேல் சேராது. ஐந்து சேர்ந்த பிறகும் சேமித்து வைப்பது வீண்.

இன்னொன்று: இந்தக் கேமில் நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது, தானாகச் சேமித்துக்கொள்வதுதான். ஐப்பசி மாலையில் இடி இடித்தால் மலையடிவாரத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. வானம் கறுத்தால் விசாரணையைத் தொடங்காதீர்கள்.

'ஏஸ் அட்டர்னி' வழக்குகளில் (முதல் கேம் ஜப்பானில் 2001) நீங்கள் வக்கீல். சாட்சியின் ஒவ்வொரு வரியையும் அழுத்திக் கேட்பதற்குப் பெரும்பாலும் அபராதம் இல்லை. தவறான ஆதாரத்தைக் காட்டினால்தான் உண்டு. எனவே ஒரு சுற்று முழுக்க அழுத்துங்கள், பிறகு ஆதாரங்களின் சிறு விவரக் குறிப்புகளைத் திரும்பப் படியுங்கள். நேரம், இடம், எந்தக் கை என்பவைதான் முரண்படும். பல பேர் குறிப்பைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்துவிட்டு முட்டிக்கொள்கிறார்கள்.

'ஹர் ஸ்டோரி' (2015, சாம் பார்லோ) வேறு வகை. 1994-இல் ஒரு பெண்ணைப் போலீஸ் விசாரித்த வீடியோத் துண்டுகள். அவள் பதில் மட்டும் இருக்கும், கேள்வி இருக்காது. சொல்லைத் தட்டினால் அந்தச் சொல் வரும் துண்டுகளில் தேதி வரிசைப்படி முதல் ஐந்து மட்டுமே திறக்கும். பொதுவான சொற்களைத் தட்டினால் பழைய துண்டுகளே திரும்பத் திரும்ப வந்து, பின்னால் நடந்தவை எட்டாமலே போகும். அவள் வாயிலிருந்து அரிதாக விழும் ஊர்ப்பெயர், ஆள்பெயர், பொருள்பெயர் ஆகியவற்றை நோட்டில் குறித்துத் தட்டுங்கள். ஆங்கிலம் கேட்டுப் புரியச் சிரமம் என்றால் கீழே வரும் எழுத்தை நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம். எழுத்துக்கூட்டல் பிசகினால் தேடல் வெறுங்கையோடு திரும்பும்.

'டிஸ்கோ எலிசியம்' (2019) கேமின் வழக்கு தூக்கில் தொங்கும் பிணத்தில் தொடங்குகிறது. 24 திறன்கள், இரண்டு பகடை: திறனின் புள்ளியையும் பகடையையும் கூட்டித்தான் ஒரு முயற்சி பலிக்குமா என்று கேம் சோதிக்கும். இரட்டை ஆறு விழுந்தால் எதுவும் வெல்லும், இரட்டை ஒன்று விழுந்தால் எதுவும் தோற்கும். வெள்ளைச் சோதனையில் தோற்றால் அந்தத் திறனில் ஒரு புள்ளி கூட்டிவிட்டு மறுபடி போடலாம். சிவப்புச் சோதனை ஒரே முறை, ஆகவே அதற்கு முன் சேமியுங்கள், திறனைக் கூட்டும் சட்டை தொப்பியை மாட்டிக்கொள்ளுங்கள். நடப்பதால் கடிகாரம் ஓடாது, பேசினாலும் படித்தாலும்தான் ஓடும். ஊரை நிதானமாகச் சுற்றலாம்.

ஷெர்லாக் ஹோம்ஸ் கேம்களில் 'கிரைம்ஸ் அண்ட் பனிஷ்மென்ட்ஸ்' (2014) நல்லது. ஆறு வழக்குகள், தப்பான ஆளைக் குற்றவாளியாக்கினாலும் கதை நிற்காமல் போகும். முடிவில் சரியா தவறா என்று பார்க்கலாம், மாற்றியும் கொள்ளலாம். மாற்றும் முன், எந்தத் தடயத்தை எந்தத் தடயத்தோடு தவறாகக் கோத்தீர்கள் என்று நோட்டில் தேடுங்கள்.

இவையெல்லாம் முடிந்த பிறகு 'ஷேடோஸ் ஆஃப் டவுட்' (முழுப் பதிப்பு 2024). நகரத்தையும் கொலையையும் கணினியே புதிதாக உருவாக்கும், அதனால் யூடியூபில் விடை கிடைக்காது. பிணத்தருகே கிடைக்கும் கைரேகையை எடுத்துக்கொண்டு இறந்தவரின் முகவரிக் குறிப்பேடு, வேலையிடம், அக்கம்பக்கம் என்று போங்கள். சந்தேக நபரின் வீட்டுப் பொருளில் உள்ள ரேகையோடு பொருந்தினாலும், அவர் அங்கே வந்துபோன நண்பரா கொலைகாரரா என்று ரேகை சொல்லாது. கொலைக் கருவியையோ, அந்த நேரத்தில் அவரை அங்கே காட்டும் கேமராப் படத்தையோ தேடிச் சேர்க்க வேண்டும். நூல் கட்டி ஒட்டும் பலகை கேமிலேயே இருக்கிறது. அதில் பத்துப் பன்னிரண்டு சீட்டுக்கு மேல் ஏறினால் சிக்கல் முடிச்சாகிவிடும், சம்பந்தமில்லை என்று தெரிந்ததை உடனே கழற்றுங்கள். மெதுவாகவும் இருக்க முடியாது, ஏனென்றால் கொலைகாரர் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார். அப்படி இரண்டாவது பிணம் விழுந்தால், முதல் சம்பவத்தின் பக்கத்தையும் இரண்டாவதையும் எதிரெதிரே வைத்து முதல் பத்திகளை மட்டும் ஒப்பிடுங்கள்.