ஸ்டீல் கிட்டாருக்கு விரலை உறுத்தாத உலோக ஃபிங்கர்பிக்: வாங்குவது முதல் வளைப்பது வரை

கம்பியை மீட்ட விரல் நுனியில் மாட்டும் உலோக ஃபிங்கர்பிக்கைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே விரலில் மாட்டி, ஐந்து நிமிடம் வாசித்துவிட்டு, "வலிக்குது, இது எனக்குச் சரிப்பட்டு வராது" என்று கழற்றிப் போட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள். பாக்கெட்டில் வருவது பாதி வேலை முடிந்த பொருள்தான். மீதி வேலையை உங்கள் விரலைப் பார்த்து நீங்களேதான் செய்ய வேண்டும். நல்ல பிக் வாங்கினால் அந்த வேலை குறையும், அவ்வளவுதான். வளைக்காமலே பொருந்திவிடும் பிக் கிடைக்கும் என்று தேடிக்கொண்டே இருந்தால் டப்பா நிறைய பிக் சேரும், வாசிப்பு சேராது.

இங்கே சொல்வது ஸ்டீல் கிட்டார் வகைகளான லேப் ஸ்டீல் (மடியில் வைத்து வாசிப்பது), பெடல் ஸ்டீல் (காலால் மிதிக்கும் பெடல்களோடு வருவது), ரெசொனேட்டர் (ஒலியைப் பெருக்கும் உலோகக் கூம்பு உள்ளது) மூன்றுக்கும் பொருந்தும். வழக்கமான செட் இதுதான்: கட்டைவிரலில் பிளாஸ்டிக் தம்ப்பிக், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் உலோக பிக். மோதிர விரலிலும் மாட்டுகிறவர்கள் உண்டு. ஆரம்பத்தில் அது வேண்டாம், இரண்டு விரலைப் பழக்குவதே பெரிய வேலை.

எந்தப் பக்கம் மாட்டுவது?

பிளேடு, அதாவது கம்பியைத் தொடும் தட்டையான பகுதி, விரலின் சதைப்பக்கம் வர வேண்டும். விரலைச் சுற்றிப் பிடிக்கும் இரண்டு காதுகளும் நகத்தின் பக்கம் மடங்கும். நகம் நீண்டு வளர்ந்த மாதிரி பிளேடை நகத்தின் மேல் வைத்து மாட்டிப் பார்ப்பவர்கள் அதிகம். அப்படி மாட்டினால் கம்பியை இழுக்கும்போது பிக் பின்னால் மடங்கிக் கழன்றுவிடும். நகத்தோடு சேர்த்துப் போடுகிற வகை தனியாக இருக்கிறது, நாம் பேசுவது அதைப் பற்றி அல்ல.

தடிமனும் உலோகமும்

தடிமனை அங்குலத்தில் சொல்வார்கள். டன்லப் நிறுவனத்தின் பிக்குகளில் .013, .015, .018, .0225, .025 போன்ற தடிமன்களில் கிடைக்கும். மில்லிமீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 0.33-இல் தொடங்கி 0.64 வரை. மெல்லியது கையாலேயே சுலபமாக வளையும், ஆனால் கம்பியில் பட்டதும் தானும் வளைந்து கொடுக்கும், 'டிக் டிக்' என்று ஒரு சத்தமும் கூடவே வரும், காதுகளும் சீக்கிரம் தளர்ந்துபோகும். தடித்தது உறுதியாக நிற்கும், ஒலியில் கனம் இருக்கும், வளைக்கத்தான் கொஞ்சம் பாடுபட வேண்டும். ஸ்டீல் வாசிப்பவர்களில் நிறையப் பேர் தடித்த பக்கமே போகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது .018 அல்லது .0225. இரண்டிலும் ஒவ்வொரு ஜோடி வாங்கிவிடுங்கள், ஒன்று வளைத்துப் பழகக் கெட்டாலும் பரவாயில்லை.

உலோகத்தில் மூன்று பொதுவானவை. நிக்கல் சில்வரில் பெயரைத் தவிர வெள்ளி எதுவும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம் அது. வளைப்பதற்கு இதமாக இருக்கும். ஆனால் மலிவான கம்மலோ கடிகாரப் பட்டையோ போட்டால் தோல் அரித்துச் சிவந்துபோகிறவராக இருந்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம், அவர்கள் பித்தளைக்குப் போவது நல்லது. பித்தளை கொஞ்சம் மென்மையான ஒலி தரும், வியர்வையில் கறுக்கும், விரலில் பச்சையாகக் கறை பிடிக்கும். சோப்புப் போட்டால் போய்விடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கெட்டி, தேய்மானம் குறைவு, ஒலி பளிச்சென்று இருக்கும். ஆனால் வளைத்த இடத்தில் நிற்காமல் ஸ்பிரிங் மாதிரி கொஞ்சம் திரும்பி வரும், அதனால் முதல் பிக்காக அதைச் சொல்ல மாட்டேன்.

வடிவத்திலும் வித்தியாசம் உண்டு. புரோபிக் நிறுவனத்தின் ஸ்பிளிட் ராப் என்ற வகையில் விரலைச் சுற்றும் பட்டை முன்னும் பின்னுமாக இரண்டாகப் பிரிந்திருக்கும், இரண்டையும் தனித்தனியாக வளைக்கலாம். ஏன் இது பெரிய விஷயம் என்று அடுத்து வருவதைப் படித்தால் தெரியும்.

காதுகளை வளைப்பது (இங்கேதான் பொறுமை வேண்டும்)

உங்கள் விரல் நுனியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது குழாய் இல்லை, நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போகிறது. ஆனால் கடையில் வாங்கிய பிக்கின் காதுகள் பெரும்பாலும் ஒரே அளவில் நேராகச் சுற்றியிருக்கும். மாட்டினால் என்ன ஆகும்? பின்பக்க விளிம்பு நகத்தின் அடிச்சதையில் குத்தும், முன்பக்கம் விரலைத் தொடாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். வலியும் வரும், நழுவவும் செய்யும். நழுவுகிறதே என்று மொத்தமாக அழுத்தினால் பின்விளிம்பு இன்னும் ஆழமாகக் குத்தும், வலி கூடும், நழுவுவது அப்படியே இருக்கும். 'எவ்வளவு இறுக்கினாலும் நிற்க மாட்டேங்குது' என்ற புலம்பலில் முக்கால்வாசி இதுதான்.

அதனால் முதலில் இரண்டு காதுகளையும் நன்றாகத் திறந்துவிடுங்கள். பிறகு விரலின் பருமனுக்குக் கொஞ்சம் குறைவான ஒரு உருண்டைப் பொருளில், தடித்த மார்க்கர் பேனாவோ மரக்குச்சியோ எதுவானாலும் சரி, அதில் வைத்துக் காதுகளைச் சுற்றி அழுத்துங்கள். நேரடியாகக் குறட்டால் மடக்கினால் மூலை மூலையாக மடிப்பு விழும், அந்த மடிப்புகள்தான் பிறகு உறுத்தும். வளைவு சீராக வந்ததும் விரலில் மாட்டி, முன்விளிம்பு பின்விளிம்பைவிட ஒரு இழை குறுகலாக இருக்கும்படி சரிசெய்யுங்கள். இதற்கு மட்டும் நோஸ் பிளையர் உதவும், அதன் வாயில் துணி டேப் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிக் முழுக்கப் பல் தடம் பதியும். காதின் முனைகள் வெளிப்பக்கமாக மிக லேசாகத் திரும்பியிருந்தால் நகத்தின் ஓரத்தில் குத்தாது.

கொஞ்சம் வளைத்து, மாட்டிப் பார்த்து, கழற்றி, மறுபடி கொஞ்சம். ஒரே இடத்தை முன்னும் பின்னுமாகப் பலமுறை மடக்காதீர்கள், உலோகம் இறுகி அந்த இடத்திலேயே விரிசல் விடும்.

சரியாக வந்துவிட்டதா என்று பார்க்கக் கையைத் தொங்கவிட்டு வேகமாக உதறுங்கள். பிக் பறக்கக் கூடாது, திரும்பவும் கூடாது. அப்புறம் பதினைந்து, இருபது நிமிடம் போட்டுக்கொண்டே இருங்கள். விரல் நுனி ஊதா நிறமாகிறது, மரத்துப்போகிறது, நாடி துடிக்கிற மாதிரி இருக்கிறது என்றால் அதிக இறுக்கம், உடனே தளர்த்துங்கள். வெயிலில் விரல் கொஞ்சம் உப்பும், குளிரில் சுருங்கும், எனவே நேற்று பொருந்திய பிக் இன்று பிடிக்கிறதே என்று ஆச்சரியப்பட வேண்டாம். லேசாக ஒரு திருத்தம் போதும்.

பிளேடு

விரல் நுனியைத் தாண்டி இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீண்டால் போதும். அதற்கு மேல் போனால் பக்கத்துக் கம்பியில் மாட்டும். பிக் நேராக நீட்டிக்கொண்டிருந்தால் அதை விரல் நுனியின் வளைவோடு ஒட்டி மேல்நோக்கி வளையுங்கள். கட்டைவிரல் நகத்தால் அழுத்தியோ மேசை விளிம்பில் வைத்தோ வளைக்கலாம். ஸ்டீல் கிட்டாரில் ஒலியை நிறுத்துவது வாசிப்பதற்குச் சமமான வேலை. உள்ளங்கை ஓரத்தால் நிறுத்துவது ஒரு முறை, பிக் முனையையே மறுபடி கம்பியில் வைத்து நிறுத்துவது இன்னொரு முறை. இரண்டாவதற்கு நீண்ட பிளேடு பெரிய இடைஞ்சல். ரொம்பவும் சுருட்டிவிட்டால் பிடிப்பே இல்லாமல் கம்பி வழுக்கிப் போகும், அதையும் கவனியுங்கள்.

இனி கோணம். கை கம்பிகளுக்குச் சாய்வாகத்தான் வரும், அதனால் பிளேடின் முகம் கம்பியில் தட்டையாகப் படாமல் ஒரு ஓரம் மட்டும் உரசும். மேலே மெல்லிய கம்பி சுற்றிய தடித்த கம்பிகளில் 'கர்ர்' என்று சுரண்டல் சத்தம் வருவது இதனால்தான். பிக்கை விரலிலேயே சற்றுத் திருப்பி மாட்டிப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும்.

அப்படியும் சுரண்டினால் விளிம்பைத் தடவிப் பாருங்கள், புது பிக்கில் வெட்டிய பிசிறு இருக்கும். 400 எண் உப்புத்தாளில் தொடங்கி 1000, 2000 என்று போய் விளிம்பை உருட்டிவிடுங்கள், கடைசியில் உலோக பாலிஷ். காதின் உள்விளிம்புகளுக்கும் இதைச் செய்யுங்கள், விரலுக்கு வரும் வித்தியாசம் உடனே தெரியும்.

இன்னும் நழுவினால்

முதலில் கையைக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குங்கள். விரல் வறண்டிருந்தால் லேசாக ஈரப்படுத்தினாலே பிக் ஒட்டிக்கொள்ளும். அதிகம் வியர்க்கிறவர்கள் காதுகளின் உள்பக்கம் துணி மருத்துவ டேப் ஒரு துண்டு ஒட்டலாம், பழசானதும் உரித்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம். தேன்மெழுகு ஒரு பொட்டுத் தடவுகிறவர்களும் உண்டு. எதையும் வளைக்கும் வேலை முடிந்த பிறகு செய்யுங்கள், வடிவம் சரியில்லாத பிக்கை எந்தப் பசையும் காப்பாற்றாது.

தம்ப்பிக் இறுக்கமாக இருந்தால் அதன் வளையத்தைச் சுடுநீரில் சிறிது நேரம் வைத்து இளக்கி, விரித்துப் பிடித்துக் குளிர்ந்த நீரில் காட்டுங்கள். நெருப்பில் மட்டும் காட்ட வேண்டாம், செல்லுலாய்டு என்றால் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

முதல் வாரம் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்று மாற்றி மாற்றி மூன்று கம்பிகளில் மெதுவாக வாசியுங்கள், மறு கையால் கம்பிகளின் மேல் நகர்த்தும் ஸ்டீல் பார் கூட வேண்டாம். கம்பி எங்கே இருக்கிறது என்பது உலோகத்தின் வழியாக விரலுக்குத் தெரியச் சில நாள் ஆகும், அதுவரை தவறான கம்பியில் படத்தான் செய்யும். நடுவிரல் மட்டும் சத்தமாகவும் ஆள்காட்டி மங்கலாகவும் கேட்டால் இரண்டு பிளேடும் ஒரே அளவு நீண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, வளைத்து முடித்த பிக்கின் வெளிப்பக்கத்தில் ஆள்காட்டிக்கு ஒரு புள்ளி, நடுவிரலுக்கு இரண்டு புள்ளி என்று மார்க்கரால் குறித்துவிடுங்கள், மாற்றிப் போட்டால் இரண்டுமே பொருந்தாது. கிட்டார் பையில் அப்படியே போட்டால் நசுங்கும், ஒரு சின்ன டப்பாவில் வையுங்கள்.