காது கேளாத குழந்தைக்குப் பேச்சு வர: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்" என்று பாட்டி சொல்வார். ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஆமோதிப்பார். நாக்கில் வசம்பு தேய்ப்பதிலும் கோயிலுக்கு நேர்ந்துகொள்வதிலும் ஒரு வருடம் ஓடிவிடும். நேர்த்திக்கடனை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் காதுப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. பிறந்த 1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறை உறுதியாவது, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்குவது என்பதுதான் மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. உள்காது ஒலிக்கு எதிர்வினை காட்டுகிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ., ஒலி காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா ஆகிய இரண்டு பரிசோதனைகளையும் குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம், வலி கிடையாது. உள்காதில் மின்கருவி பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. அதற்கு வயது வரம்பு இருப்பதால், காத்திருப்பவர்கள் அந்த வாய்ப்பையும் இழக்க நேரிடும்.

தட்டைக் கீழே போட்டுப் பார்த்து, "திரும்பிவிட்டான், காது நன்றாகக் கேட்கிறது" என்று முடிவு கட்டுவது இன்னொரு தவறு. தரையில் எழும் அதிர்வுக்கோ, கண்ணோரம் தெரிந்த அசைவுக்கோகூடக் குழந்தை திரும்பியிருக்கலாம். கதவு அறைவதும் நாய் குரைப்பதும் கேட்கிற குழந்தைக்கு 'ஸ்', 'ஷ்' போன்ற மெல்லிய, கூர்மையான ஒலிகள் கேட்காமல் போவதுண்டு. அந்தக் குழந்தை கூப்பிட்டால் திரும்பும்; ஆனால் சொற்கள் அதற்கு அரைகுறையாகவே போய்ச் சேரும்.

காது மெஷினை வாங்கிய பிறகு, பயிற்சிக்குப் போகும்போது மட்டும் மாட்டிவிடுகிறார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம் புரிகிறது. ஆனால் கல்யாண வீட்டில்தான் அத்தை, சித்தப்பா, தாலி, பந்தி என்று எத்தனையோ சொற்கள் காதில் விழும். குளிக்கும் நேரமும் தூங்கும் நேரமும் தவிர, கருவி காதில் இருக்க வேண்டும். குழந்தையின் காது வளர வளர, காதுக்குள் பொருந்தும்படி அளவெடுத்துச் செய்த அச்சு தளர்ந்து கருவி விசில் அடிக்கும். அதற்காகச் சத்தத்தைக் குறைத்து வைக்காதீர்கள். புது அச்சு எடுக்கக் கேளுங்கள். தினமும் காலையில் கருவியை மாட்டியதும், குழந்தைக்குப் பின்னால் நின்று ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளைச் சாதாரணக் குரலில் சொல்லிப் பாருங்கள். நேற்று திரும்பிய ஒலிக்கு இன்று திரும்பவில்லையென்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் அன்றே ஆடியாலஜிஸ்ட்டிடம் (கேட்கும் திறனைச் சோதித்துக் கருவியைச் சரிசெய்யும் நிபுணரிடம்) போங்கள்.

அடுப்படியிலிருந்து கத்திக் கூப்பிடுவதால் பயனில்லை. கத்தும்போது சொல்லின் உருவமே சிதைந்துவிடும். டி.வி.யை அணைத்துவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து வழக்கமான குரலில் பேசுங்கள்.

என் பார்வையில், நல்ல மனதோடு செய்யப்படும் மிகப் பெரிய தவறு, பேச்சைப் பரீட்சையாக்கிவிடுவதுதான். "இது என்ன? சொல்லு. பால் சொல்லு. சொன்னால்தான் தருவேன்." நாள் முழுக்க இதே பாட்டு. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அம்மாவுக்குக் கண்ணில் நீர் முட்டுகிறது. எந்தக் குழந்தையும் ஒரு சொல்லைச் சொல்வதற்கு முன் அதைப் பல முறை கேட்டிருக்கும், அதுவும் பொருளோடு. அந்த வாய்ப்பு இந்தக் குழந்தைக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே கேள்வியைக் குறைத்து, நடப்பதைச் சொல்லுங்கள். இட்லி வார்க்கும்போது பக்கத்தில் உட்கார வைத்து, "மாவு ஊற்றலாமா? இந்தக் குழிக்கு மாவு. இந்தக் குழிக்கும் மாவு. ஐயோ, சிந்திவிட்டது! துடைக்கலாம்" என்று பேசுங்கள். பிறகு நிறுத்திவிட்டுக் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். கை நீட்டினாலோ, "ஊ" என்று ஓர் ஒலி எழுப்பினாலோ அதுதான் பதில். "ஆமாம், ஊற்றலாம், இன்னும் மாவு ஊற்றலாம்" என்று அதை வளர்த்துச் சொல்லுங்கள். "மாவு" என்று ஒற்றைச் சொல்லாக நிறுத்தாமல் முழு வாக்கியமாகப் பேச வேண்டும். இல்லாவிட்டால் மாவை, மாவில், மாவுக்கு என்ற வேற்றுமையெல்லாம் குழந்தை எங்கே கேட்கும்?

உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளும் என்று நம்பியிருப்பதும் போதாது. கண்ணாடி முன் நின்று குரலில்லாமல் "படம்", "மடம்" என்று சொல்லிப் பாருங்கள். உதட்டில் இரண்டும் ஒன்றுதான்.

சைகை காட்டினால் பேச்சு வராது என்று குழந்தையின் கையைப் பிடித்து அடக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது கொடுமை. சைகை பேச்சைத் தடுப்பதில்லை. கருவியால் போதிய பலன் கிடைக்காத குழந்தைக்குச் சைகை மொழிதான் முழுமையான மொழி. அதைத் தாமதிக்காமல் வீட்டிலுள்ள எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும்.

இம்பிளான்ட் வைத்த மறுமாதமே எதிர்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். கருவியை இயக்கிய நாளிலிருந்துதான் கேட்கும் வயதைக் கணக்கிட வேண்டும். மூன்று வயதில் இயக்கியிருந்தால், நான்காவது பிறந்தநாளில் அந்தக் குழந்தை கேட்பதில் ஒரு வயதுக் குழந்தை. சொன்ன சொற்களை மட்டும் எண்ணாமல், புரிந்துகொண்ட சொற்களையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பேச்சுப் பயிற்சியாளர் அடுத்த பாடத்தை அதை வைத்துத்தான் தீர்மானிப்பார்.