சோளத் தட்டையை வெட்டி லிக்னினைப் பார்ப்பது எப்படி

வைக்கோல், கரும்புச் சக்கை, சோளத் தட்டை எல்லாவற்றிலிருந்தும் எத்தனால் எடுக்கலாம் என்று படித்திருப்பீர்கள். ஹரியானாவின் பானிப்பட்டில் 2022 ஆகஸ்டில் இந்தியன் ஆயில் திறந்த ஆலை நெல் வைக்கோலை நம்பிக் கட்டியதுதான். இந்த வேலையில் பெரிய தலைவலி லிக்னின், அதாவது செடியின் செல் சுவரை இறுக்கிக் கெட்டியாக்கும் பொருள். சர்க்கரையெல்லாம் செல் சுவருக்குள் செல்லுலோஸாகவும் ஹெமிசெல்லுலோஸாகவும் கிடக்கிறது. அதைப் பிரிக்க வரும் நொதியை லிக்னின் வழிமறிக்கும், போதாததற்குத் தன்மேல் ஒட்டவைத்தும் வீணாக்கும். அது தண்டில் எங்கெங்கே படிந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்க, அடர் அமிலத்தைக் கையாள வசதியுள்ள கல்லூரி ஆய்வகமும் ஒரு புது பிளேடும் போதும்.

முதலில் தட்டை. முற்றிக் காய்ந்ததை எடுக்காதீர்கள், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பச்சைத் தண்டில் மேல்பக்கத்துக் கணுவிடை (இரண்டு கணுக்களுக்கு நடுவிலுள்ள துண்டு) ஒன்று வேண்டும். புல்வகைகளில் கணுவிடை அடியிலிருந்து வளர்கிறது, அதனால் அடி இளசு, மேல்முனை முதிர்ச்சி. ஒரே கணுவிடையில் அடி, நடு, மேல் என மூன்று இடத்தில் வெட்டினால் லிக்னின் படிப்படியாக ஏறுவதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், வெவ்வேறு வயதுச் செடிகளைத் தேடி அலைய வேண்டாம்.

வெட்டும்போது முழு வட்டத்துக்கு ஆசைப்பட வேண்டாம். வெளித்தோல் கடினம், உள்சோறு பஞ்சு, பிளேடு துள்ளும். நீளவாக்கில் நாலாகப் பிளந்து, தோல் ஒட்டியிருக்கும் ஒரு கீற்றை எடுத்து, பிளேடை நனைத்து, அறுக்காமல் ஒரே இழுப்பில் குறுக்காகச் சீவுங்கள். நிறையச் சீவித் தண்ணீரில் மிதக்கவிட்டு, மெல்லியதாகப் பார்த்துப் பொறுக்குங்கள்.

சாயத்துக்கு 0.3 கிராம் ஃபுளோரோகுளூசினாலை 10 மில்லி 95% எத்தனாலில் கரையுங்கள். அதில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம். தேவைப்படும்போது மட்டும் கலக்கவும், புகைபோக்கிப் பெட்டிக்குள், கையுறை, கண்ணாடியோடு. ஸ்லைடில் சீவலை வைத்து இரண்டு சொட்டு விட்டு மூன்று நான்கு நிமிடம் பொறுத்தால் லிக்னின் உள்ள இடங்களில் செக்கச்செவேல் என்று நிறம் ஏறும். கவர் ஸ்லிப் போட்டு வழிவதைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். அமில ஆவி லென்ஸை அரித்துவிடும் என்பதால் 4, 10 மடங்கு லென்ஸ்களோடு நிறுத்திக்கொண்டு, ஸ்லைடை மேடையிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். நிறம் சீக்கிரம் மங்கும், படம் எடுப்பதாக இருந்தால் உடனே எடுங்கள்.

இன்னொரு சீவலுக்கு ஃபுளோரோகுளூசினால் இல்லாமல் எத்தனாலும் அமிலமும் மட்டும் விடுங்கள். சோளத்துக்கு இது கட்டாயம். காயம்பட்ட இடத்தில் சோளம் சேர்க்கும் நிறமிகள் அமிலம் பட்டதும் தாமாகவே சிவந்து காட்டும், அதை லிக்னின் என்று எண்ணிவிடுவோம்.

இப்போது என்ன தெரிகிறது? சாற்றுக்குழாய்க் கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறி, தோலருகே நெருக்கியடித்து நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு முகம் மாதிரி: தண்ணீர் கடத்தும் இரண்டு பெரிய சைலம் குழாய்கள் கண்கள், கீழே உள்ள இடைவெளி வாய். கண்களின் விளிம்பும், கற்றையைச் சுற்றிய நார்ச் செல்களும், தோலடி அடுக்கும் நன்றாகச் சிவக்கும். உணவு கடத்தும் ஃபுளோயம் சிவக்காது. அடிப்பகுதிச் சீவலில் முதலில் உருவான சைலத்தின் வளையங்கள் மட்டும் சிவந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் ஒன்று. நிறம் 'எங்கே' என்று சொல்லும், 'எவ்வளவு' என்று சொல்லாது. இந்தச் சாயம் பிடிப்பது லிக்னினில் உள்ள ஆல்டிஹைடு முனைகளை. மக்காச்சோளத்தில் 1924-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கண்ட, இலையின் நடுநரம்பு பழுப்பாக இருக்கும் திரிபுச் செடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வழிவந்த பிஎம்1 வகையிலும் சோளத்தின் பிஎம்ஆர்6 வகையிலும் லிக்னின் உருவாக உதவும் கேட் (CAD) என்ற நொதி குறைந்து, லிக்னின் குறைகிறது, ஆல்டிஹைடோ கூடுகிறது. அப்படிப்பட்ட தண்டு சாதாரணத் தண்டைவிட அடர்த்தியாகச் சிவக்கலாம். 'சிவப்பு அதிகம், ஆகவே எரிபொருளுக்கு லாயக்கில்லை' என்று எழுதினீர்களானால் முடிவு தலைகீழ்.

ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப் கிடைத்தால் சாயம் போடாத சீவலைப் புறஊதா ஒளியில் பார்த்துவிட்டு ஒரு சொட்டு நீர்த்த அம்மோனியா விடுங்கள். நீலம் பச்சையாக மாறும் சுவர்களில் ஃபெரூலிக் அமிலம் இருக்கிறது. புல்வகைகளில் ஹெமிசெல்லுலோஸைத் தனக்குள்ளும் லிக்னினோடும் தைப்பது அதுதான், லிக்னின் படியாத சுவரிலும் இருக்கும். அந்தத் தையலில் எஸ்டர் பிணைப்பு காரத்தில் அறுந்துவிடும். அதனால்தான் மரத்தைவிடப் புல்லுக்கு நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு ஊறல் நன்றாக வேலை செய்கிறது.

அளவு வேண்டுமென்றால், சர்க்கரைப் பகுதியைக் கரைத்துவிட்டுக் கரையாமல் மிஞ்சும் லிக்னினை எடைபோடும் 72% கந்தக அமில முறைக்குப் போக வேண்டும். அதிலும் புல்லில் சிலிக்கா உண்டு, அது அமிலத்தில் கரையாமல் லிக்னினோடு சேர்ந்து எடை காட்டும். மிஞ்சியதை 575 டிகிரி செல்சியஸில் எரித்து, சாம்பல் எடையைக் கழித்த பிறகே எண்ணை எழுதுங்கள்.