மீந்த பெயின்ட்டை என்ன செய்வது?

பொங்கலுக்கு வெள்ளையடித்து முடித்தால் பரணில் இரண்டு மூன்று டப்பா தங்கிவிடும். அதை வாசலில் உள்ள மழைநீர் வடிகாலில் ஊற்றிவிடாதீர்கள். சென்னையில் அந்த நீர் சுத்திகரிப்பு இல்லாமல் கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்ஹாம் கால்வாய்க்கோ போகிறது.

1. டப்பாவில் எதைக் கலக்கச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் என்றால் எமல்ஷன் அல்லது டிஸ்டெம்பர். டர்பன்டைன் என்றால் எனாமல். இரண்டுக்கும் வழி வேறு.

2. குச்சியால் அடிவரை கலக்குங்கள். கட்டி கரைந்து வழவழப்பாக வந்தால் பெயின்ட் நன்றாக இருக்கிறது. மெல்லிய துணியில் வடிகட்டிப் பரண் உட்சுவருக்கு அடிக்கலாம், பெயின்டரிடமும் கொடுக்கலாம். அழுகல் நாற்றம் வந்தால் கெட்டுவிட்டது.

3. கெட்ட எமல்ஷனையோ டிஸ்டெம்பரையோ கெட்டியாக்குங்கள். ஒரு பங்கு பெயின்ட்டுக்கு ஒரு பங்கு மரத்தூள். தச்சுப் பட்டறையில் கேட்டாலே தருவார்கள். கிளறியதும் புட்டுமாவு போல உதிர வேண்டும். சொதசொதவென்று இருந்தால் இன்னும் தூள் போடுங்கள். பழைய தகரத்தில் விரல் தடிமனுக்குப் பரப்பி, குழந்தைகள் வராத மொட்டை மாடியில் காயவிடுங்கள். டப்பாவோடு அப்படியே வைத்தால் மேலே ஆடை கட்டிவிடும். அடியில் ஈரம் மாதக்கணக்கில் போகாது. சித்திரை வெயிலில் சீக்கிரம் காயும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம்.

4. எனாமலில் மரத்தூள் கலக்கவே கூடாது. அதிலுள்ள எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். குவியலுக்குள் அந்தச் சூடு தேங்கினால் தானாகவே தீப்பற்றும். எனாமல் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டாலும் இதே ஆபத்துதான். துணியை வெளியே விரித்துக் காயப்போடுங்கள். மீந்த எனாமலை மூடி இறுக்கி, அடுப்பங்கரையிலிருந்து தள்ளி வையுங்கள். பிரஷ் கழுவிய டர்பன்டைனைக் கண்ணாடி பாட்டிலில் மூடி வைத்தால் வண்டல் அடியில் தங்கும். தெளிவை இறுத்து மறுபடி பயன்படுத்தலாம்.

5. திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி பெயின்ட் டப்பாவை மற்ற குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும். அதனால் டப்பா, எனாமல், காய்ந்த தூள் எல்லாவற்றையும் தனிப் பையில் கட்டி, என்னவென்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். எங்கே கொடுப்பது என்று தெரியாவிட்டால் சென்னை மாநகராட்சியின் 1913 தொலைபேசி எண்ணில் கேளுங்கள்.

20 லிட்டர் எமல்ஷன் வாளியைக் கழுவிச் செடி வைக்கலாம். அரிசி, மாவு, குடிதண்ணீர் எதையும் அதில் வைக்காதீர்கள்.