குழந்தையின் ஒவ்வாமை: வீட்டில் எங்கிருந்து தொடங்குவது?

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டதும் காலையில் எழுந்தவுடன் அடுக்கடுக்காகத் தும்மும் குழந்தைகளும், தை மாத அறுவடையின்போது வைக்கோல் தூசி பட்டு இரவெல்லாம் இருமும் குழந்தைகளும் தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கத்து வீடுகளில் நிறைய உண்டு. காய்ச்சல் இல்லாமல், கண்ணும் மூக்கும் அரித்து, தெளிந்த நீராக மூக்கொழுகுவது வாரக்கணக்கில் நீடித்தால், அது வெறும் சளியாக இல்லாமல் ஒவ்வாமையாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு, வீட்டிலும் கீழ்க்கண்ட வேலைகளைத் தொடங்குங்கள்.

முதலில், தொல்லை எப்போது, எந்த அறையில், எதற்குப் பிறகு வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். படுக்கையை உதறும்போது தும்மலா, கொசுவர்த்தி ஏற்றிய பின் இருமலா என்பது தெரிந்தால் பாதி வழி புலப்பட்டுவிடும்.

அடுத்தது படுக்கை. மற்ற எதையும்விட இதற்கே நான் முதலிடம் கொடுப்பேன். ஏனெனில் குழந்தை ஒரு நாளில் எட்டு, பத்து மணி நேரம் மூக்கைப் புதைத்துக் கிடக்கும் இடம் அதுதான். நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று வாழும் தூசி உண்ணிகள், கண்ணுக்குப் புலப்படாத அளவில், பழைய இலவம்பஞ்சு மெத்தையிலும் தலையணையிலும் பெருகுகின்றன. அவற்றின் எச்சமே ஒவ்வாமையைத் தூண்டுகிறது. விரிப்பு, போர்வை, தலையணை உறை ஆகியவற்றை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் ஊறவைத்துத் துவைக்க வேண்டும். வெப்பமானி தேவையில்லை, கொதிக்கும் நீரையும் குழாய் நீரையும் சரிபாதியாகக் கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வந்துவிடும். குழந்தை அருகில் இல்லாதபோது கலக்குங்கள். வெயிலில் காயவைப்பது நல்லதுதான். ஆனால் உண்ணி செத்தாலும் எச்சம் பஞ்சிலேயே தங்கிவிடும் என்பதால், வெயில் மட்டும் போதாது. மெத்தையை மாற்ற வசதியில்லை என்றால், துடைத்துக் காயவைத்த கோரைப்பாயில் பருத்தி விரிப்பு போட்டுப் படுக்க வைப்பது பழைய மெத்தையைவிடப் பல மடங்கு மேல். மழைக்காலத்தில் பாயிலும் பூசணம் பிடிக்கும் என்பதால், அதைச் சுருட்டி மூலையில் சாத்திவிடாமல் கொடியில் போடுங்கள்.

பிறகு புகை. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. சன்னலைச் சாத்திய அறைக்குள் அதை ஏற்றுவதை உடனே நிறுத்திவிட்டுக் கொசுவலை கட்டுங்கள். தலைக்கு ஊற்றிய பின் சாம்பிராணி காட்டுவது பாட்டிமார் அன்போடு செய்வது. அவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லி, குழந்தையின் தலையைத் துண்டால் நன்கு துவட்டி உலர்த்தச் சொல்லுங்கள். பீடி, சிகரெட் திண்ணையில்கூட வேண்டாம்.

சுவரில் ஓதம் ஏறிக் கறுப்புப் புள்ளி படர்ந்திருந்தால், மேலே வெள்ளையடித்து மறைப்பதால் பயனில்லை. தண்ணீர் இறங்கும் இடத்தை முதலில் அடைத்து, சோப்பு நீரால் தேய்த்து, துடைத்து உலர்த்துங்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் பின்னால் காற்று புகும். ஈரத்துணியைக் குழந்தை தூங்கும் அறையில் உலர்த்த வேண்டாம்.

பெருக்கும்போது தூசி எழும்பும் என்பதால், ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. மின்விசிறி இறக்கைகளையும் மறக்காதீர்கள். அறுவடை நாட்களில் களத்திலிருந்து திரும்புபவர்கள் குளித்து உடைமாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். வைக்கோல் போர் படுக்கையறைச் சன்னலுக்கு நேராக இருந்தால், அடுத்த போகத்திலாவது இடம் மாற்றுங்கள்.

இவற்றால் தொல்லை குறைந்தாலும், மருத்துவர் கொடுத்த மருந்தையோ இன்ஹேலரையோ நீங்களாக நிறுத்தக் கூடாது. மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கினாலோ, குழந்தை பேசத் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, கைவைத்தியம் எதுவும் பார்க்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.