வெளி மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பும்போது நம் கடற்கரை வியாபாரிகள் செய்யும் தவறுகள்

“நாடு பூரா ஒரே சந்தைன்னு சொல்லிட்டாங்க, அப்புறம் எதுக்கு இத்தனை பில்லு?” ராமநாதபுரத்திலிருந்து தொண்டி வரைக்கும் கருவாடு, மிளகாய், கருப்பட்டி வியாபாரம் செய்கிறவர்கள் வாயில் இந்தக் கேள்வியைக் கேட்காத நாள் இல்லை. கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. இந்தியா முழுவதும் வணிகமும் போக்குவரத்தும் தடையின்றி நடக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 301-வது பிரிவு சொல்கிறது. மீதிப் பாதியைத் தப்பாகப் புரிந்துகொள்வதால்தான் லோடு வழியில் நிற்கிறது, கைக்காசு போகிறது.

தடையில்லை என்றால் வரியில்லை என்று நினைப்பது முதல் தவறு. வரி தடையாகுமா என்ற இந்த வாதம் உச்ச நீதிமன்றத்தில் ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. 1960-ல் அசாம் தேயிலை வழக்கில், சரக்குப் போக்குவரத்தை நேரடியாகத் தடுக்கும் வரியும் 301-க்கு விரோதம் என்றார்கள். 2016 நவம்பரில் ஜிண்டால் ஸ்டெயின்லெஸ் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, பெரும்பான்மைத் தீர்ப்பாக வேறு விதமாக முடித்தார்கள்: வரி போடுவதே தடையாகாது, உள்ளூர்ச் சரக்குக்கு ஒன்று, வெளியூர்ச் சரக்குக்கு ஒன்று என்று பாகுபாடு காட்டும் வரிதான் கூடாது. பாகுபாடு எப்படி இருக்கும் என்பதற்கு நம் மாநிலத்து வழக்கே உண்டு. வெளியில் பதனிட்டு வந்த தோலுக்கு, இங்கேயே பதனிட்ட தோலைவிட வரிச்சுமை கூடுதலாக விழும்படி அன்றைய சென்னை மாநிலம் ஒரு விதி வைத்திருந்தது. 1960-களின் தொடக்கத்தில் மேத்தாப் மஜீத் வழக்கில் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பானது. ஆகவே கேரளத்தில் நம் மிளகாய்க்கும் அவர்கள் மிளகாய்க்கும் ஒரே வரி என்றால் நமக்குக் குறை சொல்ல இடமில்லை.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் விற்பனை வரி செக்போஸ்ட்டுகள் போய்விட்டன. எல்லை திறந்துவிட்டது உண்மை. செக்போஸ்ட்டில் நின்று காட்டிய காகிதம் இப்போது கிளம்பும் இடத்திலேயே சரியாக இருக்க வேண்டும். பறக்கும் படை எந்த முக்கிலும் கை காட்டும்.

பெரும்பாலானோர் சறுக்குவது எங்கே என்றால், எல்லையைப் பார்க்கிறார்களே தவிர மூட்டையைப் பார்ப்பதில்லை. நெத்திலிக் கருவாட்டையே எடுத்துக்கொள்வோம். சாக்கில் கட்டி, எடை போட்டு விற்கும்வரை அதற்கு வரி கிடையாது. அதே நெத்திலியைக் கால் கிலோ கவரில் போட்டு, பெயர், எடை, விலை அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டினால் 5 சதவீதம். 2022 ஜூலை 18 முதல் இதுதான் கணக்கு. அதற்கு முன்னால் பிராண்டு பெயர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இப்போது முன்கூட்டியே கட்டி லேபிள் போட்ட பொட்டலமா என்று பார்க்கிறார்கள். ஸ்டிக்கர் ஒட்டாமல் விட்டால் தப்பிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். எடையளவுச் சட்டப்படி லேபிள் போட்டே ஆக வேண்டிய பொட்டலத்துக்கு, போடாவிட்டாலும் வரி உண்டு. 25 கிலோவுக்கு மேற்பட்ட ஒற்றை மூட்டை இந்த வலையில் வராது. ஆனால் பத்துப் பத்துக் கிலோவாகப் பொட்டலம் கட்டி, அவற்றை 50 கிலோ சாக்கில் திணித்தால் உள்ளே இருக்கும் பொட்டலம்தான் கணக்கு. கருப்பட்டிக்கும் இதே விதி. பச்சை மீன் ஐஸ் போட்டுப் போனால் வரியில்லை. காய்ந்த மிளகாய் மட்டும் வேறு: வத்தலாகிவிட்டால் மூட்டையோ பொட்டலமோ, 5 சதவீதம்.

இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். வரியில்லாத சரக்கை மட்டும் விற்கிறவர் ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டியதில்லை. தன் நிலத்து மிளகாயை விற்கும் விவசாயிக்கும் தேவையில்லை. வரியுள்ள சரக்கை வாங்கி விற்கும் வியாபாரி ஒரே ஒரு மூட்டையை வெளி மாநிலத்துக்கு விற்றாலும் பதிவு கட்டாயம். “வருஷத்துக்கு 40 லட்சம் வரைக்கும் வேண்டாமே” என்பார்கள். அந்த விலக்கு மாநிலத்துக்குள் விற்கும் சரக்குக்குத்தான். காம்போசிஷன் திட்டத்தில் (விற்றுமுதலில் சிறு சதவீதத்தை மொத்தமாக வரி கட்டும் சிறு வியாபாரிகள் திட்டம்) இருப்பவர் வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்கவே முடியாது. இது தெரியாமல் திருவனந்தபுரத்துக்குப் பில் போட்டுவிட்டு முழிப்பவர்கள் உண்டு. ஆன்லைன் தளங்களில் பதிவில்லாமல் விற்க 2023 அக்டோபரில் அனுமதி வந்தது, அதுவும் தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான். பனையோலைப் பெட்டி, பாய் முடையும் பெண்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது, யாரும் அவர்களிடம் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்: கைவினைப் பொருளாக அறிவிக்கப்பட்டவற்றை ஆண்டுக்கு 20 லட்சம் வரை பதிவில்லாமலே வெளி மாநிலத்துக்கு விற்கலாம். பான் எண்ணும் இ-வே பில்லும் (சரக்கு கிளம்பும் முன் ஆன்லைனில் எடுக்கும் போக்குவரத்துச் சீட்டு) வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது பில் போடும் தவறு. கொல்லத்து வியாபாரி தன் வண்டியிலேயே வந்து, ரொக்கம் கொடுத்து, மிளகாய் ஏற்றிப் போகிறார். கடை நம்முடையது, கைமாறியது நம் ஊரில் என்று மாநில வரி, மத்திய வரி என இரண்டாகப் பிரித்துப் பில் போடுகிறார்கள். சட்டம் பார்ப்பது சரக்கு எங்கே போய் இறங்குகிறது என்பதை. ஏற்றிப் போவது விற்றவரா வாங்கியவரா என்பது பொருட்டல்ல. கொல்லத்தில் இறங்கினால், மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஒரே வரியான ஐ.ஜி.எஸ்.டி.தான். தப்பாகக் கட்டிவிட்டால் பதற வேண்டாம். சரியான வரியைக் கட்டிவிட்டு, தப்பாகக் கட்டியதைத் திரும்பக் கேட்கலாம், வட்டி கிடையாது. இரண்டு வருடக் கெடு உண்டு, அதைத் தவற விடாதீர்கள்.

இ-வே பில்லிலும் இதே குழப்பம். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போனால்தான் வேண்டும் என்ற பழக்கத்தில், கேரளத்துக்கு 70 ஆயிரம் ரூபாய் லோடையும் பில்லோடு மட்டும் அனுப்பிவிடுகிறார்கள். மாநிலம் தாண்டினால் வரம்பு 50 ஆயிரம். சாக்கில் போகும் கருவாடு மாதிரி வரியில்லாத சரக்குக்கு இ-வே பில் தேவையில்லை. பில் ஆஃப் சப்ளை, அதாவது வரி காட்டாத விற்பனைப் பில், இருந்தால் போதும். இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று செல்லுபடிக் காலம் கணக்காகிறது, வண்டி பஞ்சராகிப் படுத்தால் நீட்டிக்க வேண்டும். மூன்று லட்ச ரூபாய் மிளகாய்க்கு வரி 15 ஆயிரம். இ-வே பில் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் அந்த வரியைப் போல இரண்டு மடங்கு, 30 ஆயிரம்.

சரி, மீனுக்கு வருவோம். மீன் தடையின்றிப் போகும் என்பதால் படகும் போகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் மீன்பிடிப்பு மாநிலத்தின் அதிகாரம். நமக்கு 1983-ன் தமிழ்நாட்டுச் சட்டம், கேரளத்துக்கு 1980-ன் சட்டம். அங்கே வலை போட அவர்கள் உரிமம் வேண்டும். தடைக்காலமும் வேறு: இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அங்கே டிராலிங் (இழுவலை) தடை ஜூன், ஜூலையில். நம் தடைக்காலத்தில் வெளி மாநில மீனை வாங்கி விற்பது குற்றமில்லை. எங்கிருந்து வந்தது என்று காட்டப் பில் கையில் இருக்க வேண்டும். கேரள எல்லையில் உணவுப் பாதுகாப்புத் துறை மீனைச் சோதித்தால், ‘ஒரே நாடு’ என்று வாதாடிப் பயனில்லை. 2018-ல் ஃபார்மலின் (பிணம் கெடாமல் வைக்கும் ரசாயனம்) கலந்த மீனைப் பிடிக்க ‘ஆபரேஷன் சாகர் ராணி’ என்று அங்கே தீவிரச் சோதனை நடந்தது. உயிருக்குக் கேடு தடுப்பது வணிகத்தைத் தடுப்பதாகாது, உள்ளூர் மீனையும் அதே கண்ணால் பார்க்கும்வரை.

கடல் அட்டை விஷயம் இன்னும் கறார். 2001 முதல் அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதாவது பிடிக்கவோ விற்கவோ கூடாது. சட்டம் வணிகமாகவே ஏற்காத ஒன்றுக்கு 301 துணைக்கு வராது. சூதாட்டத்தைப் பற்றி 1957-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. இலங்கையில் உரிமத்தோடு பிடிக்கிறார்களே என்பது இங்கே எடுபடாது.

இலங்கை என்றதும் இன்னொன்று. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தூரம் கொஞ்சம்தான், 1998-ல் தடையற்ற வணிக ஒப்பந்தமும் போட்டிருக்கிறோம், 2000 மார்ச்சில் அது நடைமுறைக்கும் வந்தது. அதனால் இரண்டும் ஒரே சந்தையாகிவிடவில்லை. ஒப்பந்தம் சுங்க வரியைக் குறைக்கும், நீக்கும். சுங்கச் சோதனையும் பொருள் எந்த நாட்டில் விளைந்தது என்ற சான்றும் இருந்தே தீரும். ஐரோப்பாவில் 1993 முதல் இருக்கும் ஒற்றைச் சந்தையில் ஒரு நாட்டில் முறையாகச் சுங்கம் முடித்து இறங்கிய சரக்கு மற்ற உறுப்பு நாடுகளுக்கு எல்லைச் சுங்கம் இல்லாமல் போகும். மன்னார் வளைகுடா மீன் கொழும்புக்கு அப்படிப் போகாது.

நம் வட்டாரத்து உருண்டை மிளகாயான முண்டுக்கு 2023-ல் புவிசார் குறியீடு (பொருளின் பெயரை அது விளையும் ஊரோடு கட்டும் பதிவு) கிடைத்ததும், இனி வேறு எவரும் முண்டு விற்க முடியாது என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஆந்திராக்காரர் தன் மிளகாயைத் தாராளமாக இங்கே கொண்டுவந்து விற்கலாம். ‘ராமநாதபுரம் முண்டு’ என்ற பெயரைத்தான் அவர் போட முடியாது. நம் வியாபாரிகளும் வெளிச்சரக்கைக் கலந்து அந்தப் பெயரில் அனுப்பக் கூடாது.

கடைசியாக, வண்டியை மடக்கிவிட்டால் என்ன செய்வது? டிரைவரைத் திட்டுவதில் பலனில்லை. வண்டி எண்ணில் ஓர் இலக்கம் பிசகு, பெயரில் எழுத்துப் பிழை, முகவரி சரியாக இருந்து பின்கோடு மட்டும் தவறு மாதிரியான சில்லறைப் பிழைகளுக்கு வண்டியைப் பிடித்து வைத்து இரு மடங்கு போடக் கூடாது, ஆயிரம் ரூபாய் போதும் என்று 2018 செப்டம்பர் 14-ல் மத்திய வரி வாரியம் 64-ம் எண் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதை அச்செடுத்து ஆர்.சி. புக்கோடு வைத்தனுப்புங்கள். நிறுத்தி வைத்த ஏழு நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கொடுத்த ஏழு நாளுக்குள் உத்தரவு வர வேண்டும். மீன், கருவாடு கெட்டுவிடுமே என்று பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துவிட்டாலும் எழுத்துபூர்வ உத்தரவைக் கேட்டு வாங்குங்கள். பணம் கட்டினாலும் காரணம் சொல்லி உத்தரவு போட்டே ஆக வேண்டும் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த உத்தரவு கையில் இருந்தால்தான் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு போக முடியும்.