பில்டு உடைந்தால் முதலில் அதைச் சுருக்குங்கள்

காட்பாடியில் மத்தியான வெயிலுக்கு லேப்டாப் கொதிக்கும். அதனால் பில்டு டூல் (நாம் எழுதும் கோடை ஓடும் புரோகிராமாக மாற்றும் கருவி) பிழைகளை விடிகாலையில்தான் பார்ப்பேன். ஒருநாள் என் ப்ராஜெக்ட் மட்டும் உடைந்தது, நண்பனுக்கு ஓடியது. என் ஃபோல்டரின் பெயர் ‘வேலூர் கோட்டை’. நடுவில் இருந்த இடைவெளிதான் காரணம்.

உடனே டூலை உருவாக்கியவர்களுக்குப் புகார் எழுதாதீர்கள். புது ஃபோல்டரில் மூன்று வரி சி ஃபைல், இரண்டு வரி பில்டு ஃபைல் மட்டும் வைத்து அதே பிழையை வரவழையுங்கள். பாதி வேலை இதுதான். ஏற்கெனவே பிறர் எழுதி, முடித்து மூடிய புகார்களையும் தேடிப் பாருங்கள். அப்புறம் டூலின் வெர்ஷன், ஓஎஸ், அடித்த கட்டளை, எதிர்பார்த்தது, வந்தது எல்லாம் எழுதுங்கள். பிழைச்செய்தியை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள், பிறர் தேடினால் கிடைக்கும்.

சில நேரம் மட்டும் உடைகிறதா? இணையாக ஓட்டாமல் ஒவ்வொரு வேலையாக ஓட்டிப் பாருங்கள். அப்போது சரியாக வந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு சார்பை (எந்த வேலை எதற்குப் பிறகு ஓட வேண்டும் என்பதை) பில்டு ஃபைலில் எழுத மறந்திருப்பீர்கள். 2022-இல் வந்த குனு மேக் 4.4 என்ற பில்டு டூலில் உள்ள ஷஃபிள் வசதி வேலைகளின் வரிசையைக் கலைத்து இதைக் காட்டிக்கொடுக்கும்.

டூலின் பழைய வெர்ஷனில் ஓடியது என்றால் கிட் பைசெக்ட் போடுங்கள்; அது டூலின் கோடில் செய்த மாற்றங்களைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும். 1000 மாற்றங்களில் குற்றவாளியைப் பிடிக்கச் சுமார் 10 சோதனை போதும். எனக்கு அகப்பட்டது ஒரே வரி: கட்டளையை ஒரே எழுத்துச் சரமாக ஒட்டி ஷெல்லிடம் (கட்டளைகளை ஓட்டும் புரோகிராமிடம்) கொடுத்திருந்தார்கள்; அது இடைவெளியில் என் ஃபோல்டர் பெயரை இரண்டாகப் பிரித்துவிட்டது. பட்டியலாகப் பிரித்துக் கொடுத்ததும் சரியானது.

திருத்தும் முன் தோற்கும் டெஸ்டை எழுதுங்கள். பேட்ச்சில் (டூலுக்கு நீங்கள் அனுப்பும் மாற்றத்தில்) அந்த ஒரு திருத்தம் மட்டும் இருக்கட்டும்.